டி.எஸ்.பாலையா: பக்கத்தில் நின்று படத்தைத் தாங்கியவர்

(நம் குடியிருப்பின் மூத்தோர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நம் வட்டத்தின் ஏற்பாடு. இதுவரை தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் என்று பெரிய பெரிய பெயர்களாக வந்துவிட்டன. இந்த மாதம் என் முறை. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் கட்-அவுட் வைக்கப்படாத ஒரு நடிகர். டைட்டிலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெயர் வந்தவர். டி.எஸ்.பாலையா.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி நம் வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகளும் பார்த்துச் சிரிக்கிறார்கள். "கதை சொல்றது யாரு?" என்று கேட்டால் நாகேஷ் என்று பளிச்சென்று சொல்கிறார்கள். "கதை கேட்கிறது யாரு?" என்று கேட்டால் "அவரா, அப்பாவா வருவாரே" என்கிறார்கள். முகம் நிற்கிறது, பெயர் போய்விட்டது. அந்தப் பெயரை மீட்டு உங்கள் கையில் கொடுப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் ஒரு சொல் விஷயம். தமிழில் 'துணை நடிகர்' என்றால் கூட்டத்தில் நிற்பவர், கும்பலில் ஓடுபவர் என்று அர்த்தமாகிவிட்டது. பாலையா போன்றவர்களுக்கு 'குணச்சித்திர நடிகர்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். கதாநாயகன் பெரும்பாலும் கதாநாயகனாகவே இருப்பான். கஞ்சன், கோழை, பொறாமைக்காரன், பாசக்கார அப்பா, கர்வம் பிடித்த வித்வான் என்று மனித குணங்களை எல்லாம் வரைந்து காட்ட வேண்டியவர் இவர்தான்.

அமெரிக்காவில் இந்த மாதிரி நடிகர்களுக்கு ஆஸ்கர் விருது கொடுக்க ஆரம்பித்தது 1936-ம் ஆண்டுப் படங்களில் இருந்து. முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். ஐந்தே வருடத்துக்குள் மூன்று தடவை வாங்கினார். ஆனால் வேடிக்கை பாருங்கள், கதாநாயகனுக்குச் சிலை, இவர்களுக்கு ஒரு பலகை மட்டும்தான். முழுச் சிலை கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே சில வருடங்கள் ஆயின. அதே 1936-ல்தான் இங்கே பாலையா சினிமாவுக்குள் நுழைந்தார்.

அவர் பிறந்தது 1914 ஆகஸ்ட் 23. ஊர், அப்போதைய திருநெல்வேலிச் சீமையில் சுண்டங்கோட்டை. பெயரில் உள்ள 'டி' திருநெல்வேலி, 'எஸ்' தகப்பனார் சுப்பிரமணியம். அந்தக் காலத்தில் நடிக்க ஆசைப்பட்ட பையன்களுக்கு ஒரே பள்ளிக்கூடம் நாடகக் கம்பெனி. பாய்ஸ் கம்பெனி என்பார்கள். அதற்கு நம் மதுரைதான் தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது மதுரையில். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தேறியவர்கள். எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்ததும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பாலையாவைப் புரிந்துகொள்ள முடியும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்றைக்கு ராஜா, நாளைக்குச் சேவகன், மறுநாள் பெண் வேடம். எந்த வேடமும் சின்னது என்று சொல்லி ஒதுங்க முடியாது. பாலையாவும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர். எம்.கந்தசாமி முதலியாரைத் தன் குருவாகக் கொண்டவர். நடிகர் எம்.கே.ராதாவின் தகப்பனார் அவர்.

1936-ல் வந்த படம் 'சதி லீலாவதி'. எஸ்.எஸ்.வாசன் எழுதிய தொடர்கதை. இயக்கியவர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் இருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். அவருக்குத் தமிழ் தெரியாது. கதாநாயகன் எம்.கே.ராதா. இந்தப் படத்தில் அறிமுகமானவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். எம்.ஜி.ஆர்., பாலையா. இவர்களில் எம்.ஜி.ஆருக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடம். பாலையாவுக்கோ கதையையே நகர்த்துகிற வேடம். நல்ல குடும்பத்து நண்பனைக் குடிக்குப் பழக்கி, அவன் வாழ்க்கையைக் கெடுக்கும் ராமநாதன். அப்போது பாலையாவுக்கு வயது 21.

அடுத்த ஆண்டே அதே டங்கன் இயக்கத்தில் 'அம்பிகாபதி'. எம்.கே.தியாகராஜ பாகவதர் புகழின் உச்சிக்கு ஏறிய படங்களில் ஒன்று. அதில் காதலுக்குக் குறுக்கே நிற்கும் ருத்ரசேனன் பாலையா. பாகவதரோடு வாள் சண்டையும் உண்டு. ஊரே கொண்டாடுகிற ஒருவரை எதிர்த்து நிற்கிற வேடம். ரசிகர்கள் திட்டினால்தான் அவருக்குச் சம்பளம் செரிக்கும்.

பத்து வருடம் கழித்து, 1947-ல், எம்.ஜி.ஆர். முதல்முதலாகக் கதாநாயகனாகிறார். படம் 'ராஜகுமாரி'. ஒன்றாகவே உள்ளே வந்த இருவரில் ஒருவர் நாயகன், மற்றவர் அதே படத்தில் வில்லன். நம்மைப் போல் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் ஜெனரல் மேனேஜராகப் போவார், இன்னொருவர் கவுன்டரிலேயே இருப்பார். கேள்வி என்னவென்றால், கவுன்டரில் இருந்தவர் வாழ்க்கை வீணா? பாலையாவின் வாழ்க்கையை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்றுதான்.

1949-ல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி'. நாயகன் கே.ஆர்.ராமசாமி. அப்பாவின் சாவுக்குக் காரணமான பணக்காரரைப் பழிவாங்கக் கத்தியோடு புறப்படுகிற ஏழை இளைஞன். அவனைத் தடுத்து, கத்தியால் ஆகாத காரியத்தைப் புத்தியால் முடிக்கலாம் என்று வழிகாட்டும் நண்பன் மணியாக பாலையா. படத்தின் கருத்தைத் தாங்குவது அந்த நண்பன்தான். வில்லன் என்று முத்திரை குத்தப்பட்டவரிடம் போய் இந்த வேடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னால் ஜனங்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கை.

1954-ல் 'தூக்குத் தூக்கி'. அதில் அரைகுறைத் தமிழ் பேசும் சேட்டு. 1956-ல் 'மதுரை வீரன்'. இது நம்ம ஊர்க் கதை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் மதுரை வீரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறவர்கள் நாம். எம்.ஜி.ஆர். அந்த வீரன். அவனுக்குக் குழி பறிக்கும் நரசப்பன் பாலையா. நம் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சனங்கள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அந்த நரசப்பனை என்னவெல்லாம் திட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாமிக்கே கெடுதல் செய்தவன் அல்லவா!

இந்த வில்லன் வேடங்களில் அவருடைய ஆயுதம் குரல்தான். கத்த மாட்டார். ஒரு சொல்லை இழுத்து நிறுத்தி, நடுவில் ஒரு மூச்சு விட்டு, பிறகு மீதியைத் தாழ்த்திச் சொல்வார். அந்த இடைவெளியில் நமக்கு வயிற்றைக் கலக்கும். பிற்காலத்தில் இதே இழுவையை வைத்துக்கொண்டு சிரிக்கவும் வைத்தார். கருவி ஒன்றுதான், வேலை வேறு.

1959-ல் பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை'. சிவாஜி கை ஊனமான கண்ணையனாக நடித்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்தக் குடும்பத்தின் பெரியவர் பாலையா, தம்பி எஸ்.வி.சுப்பையா. மனைவியின் பேச்சும் வெளியிலிருந்து வந்த எம்.ஆர்.ராதாவின் சூழ்ச்சியும் சேர்ந்து கூட்டுக்குடும்பம் இரண்டாகிறது. அண்ணன் கெட்டவன் அல்ல. தம்பி மேல் பாசம் இருக்கிறது, வீட்டுக்குள் வாயும் திறக்க முடியவில்லை. கிராமத்தில் பாகம் பிரித்த வீடுகளில் வளர்ந்தவர்கள் அந்த அண்ணனைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அடுத்த வருடம் 'களத்தூர் கண்ணம்மா'வில் ஜெமினிக்கு அப்பாவாக, அந்தஸ்தை விட்டுக்கொடுக்காத ஜமீன்தார். இங்கேதான் பாலையா வில்லனில் இருந்து 'அப்பா'வாக மாறுகிறார்.

இனி நான் சொல்லப்போகும் கணக்கைக் கவனியுங்கள். இன்று நாம் பாலையா என்றதும் நினைக்கிற படங்கள் எவை? 'காதலிக்க நேரமில்லை' 1964. 'திருவிளையாடல்' 1965. 'பாமா விஜயம்' 1967. 'தில்லானா மோகனாம்பாள்' 1968. நான்கும் அவருடைய 49 வயதுக்கும் 54 வயதுக்கும் நடுவில். அதாவது 28 வருட சர்வீஸுக்குப் பிறகு. 'ஐம்பது வயதாகிவிட்டது, இனி என்ன' என்று நாம் சோம்பல் முறிக்கிற வயதில் அவர் தன் சிறந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'காதலிக்க நேரமில்லை' ஸ்ரீதர் இயக்கிய வண்ணப்படம். பாலையா சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். பணம் என்றால் உயிர். ரவிச்சந்திரனை வேலையை விட்டு நீக்கி விரட்டுகிறார். அதே பையன் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் முதுகு தானாக வளைகிறது. அந்த வளைவைக் கவனியுங்கள். ஒரே அடியில் வளையாது. காதில் விழுந்த சேதி மூளைக்குப் போய், கணக்குப் போட்டு, முகத்தில் லாபம் தெரிந்து, பிறகு முதுகுக்கு வரும்.

பேய்க்கதைக் காட்சிக்கு வருவோம். மகன் செல்லப்பா படம் எடுக்கப் போகிறவன். அப்பாவுக்குக் கதை சொல்கிறான். நாகேஷ் எழுகிறார், குனிகிறார், வாயாலேயே எல்லாச் சத்தமும் போடுகிறார். பாலையாவுக்கு அநேகமாக வசனமே இல்லை. உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கையால் திரையில் பாலையா இருக்கிற பக்கத்தை மறைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். நாகேஷ் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் நமக்குப் பயமும் வராது, சிரிப்பும் பாதியாகிவிடும். நாம் பயப்படுவது நாகேஷைப் பார்த்து அல்ல, பாலையா பயப்படுவதைப் பார்த்து. இந்தப் படத்தை இந்தியில் 1966-ல் 'பியார் கியே ஜா' என்று எடுத்தார்கள். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். அங்கேயும் மெஹ்மூதுக்கு எதிரே ஒரு தேர்ந்த குணச்சித்திர நடிகரைத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பேங்கில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டும் இரண்டு பேர் கையில் இருக்கும். மேனேஜர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தன் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாது. அந்தக் காட்சிக்கும் இரண்டு சாவி. ஒன்று நாகேஷிடம், ஒன்று பாலையாவிடம்.

அடுத்தது 'திருவிளையாடல்'. இதைப் பற்றி மதுரைக்காரர்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை வருகிறதே, அதுதான் கதை. வடநாட்டில் இருந்து ஏமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வந்து சவால் விடுகிறார். அவரை எதிர்க்கப் பாணபத்திரர் அனுப்பப்படுகிறார். பக்தனுக்காகச் சொக்கநாதரே விறகுவெட்டியாக வருகிறார். இயக்கம் ஏ.பி.நாகராஜன். பாணபத்திரர் டி.ஆர்.மகாலிங்கம். ஏமநாத பாகவதர் பாலையா.

சபையில் ஏமநாதர் பாடும் அந்த ராகமாலிகைக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. இசை கே.வி.மகாதேவன். குரல் கர்நாடக சங்கீத மேதையுடையது, முகம் ஒரு நாடக நடிகருடையது. இந்த இரண்டும் ஒட்ட வேண்டும். பாலையா வெறுமனே வாயசைக்கவில்லை. பாட்டின் நடுவே சபையைப் பார்க்கும் அலட்சியம், இடது கையால் தொடையில் தாளம், சங்கதி விழுந்ததும் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் அரைப் புன்னகை எல்லாம் சேர்ந்துதான் நம்மை நம்ப வைக்கிறது. பாடியது பாலையா இல்லை என்று சொன்னால் இன்றும் சிலர் ஆச்சரியப்படுவார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ராத்திரிக் காட்சி. தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுகிறான். திரையில் பாடுவது சிவாஜி. பாட்டும் அவருக்கு, படமும் அவருக்கு. உள்ளே இருக்கும் ஏமநாதர் கேட்கிறார். முதலில் யார் இவன் என்ற எரிச்சல். பிறகு காது கூர்மையாகிறது. பிறகு பயம். அதற்கப்புறம் வருவதுதான் முக்கியம். பயத்துக்கு நடுவே ஒரு பரவசம். எதிரியின் பாட்டு என்று தெரியாமலே உண்மையான சங்கீதத்தை அனுபவித்துவிடுகிற ஒரு வித்வானின் பரவசம். பாணபத்திரர் தகுதியில்லை என்று ஒதுக்கியவன் இவன் என்று தெரிந்ததும் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகிறார்.

யோசித்துப் பாருங்கள். ஏமநாதர் சாதாரணப் பாடகர் என்றால் சொக்கநாதர் இறங்கி வர வேண்டிய அவசியமே இல்லை. தோற்கிறவன் பெரியவனாக இருந்தால்தான் ஜெயிப்பு பெரியது. அந்தப் பெருமையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நல்லபடியாகத் தோற்றுப் போவதுதான் பாலையாவின் வேலை. சிவராத்திரிக்கு விடிய விடிய இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நாம். சுவாமி ஜெயித்தார் என்று சந்தோஷப்பட்டோம். தோற்றவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

'பாமா விஜயம்' நம்மைப் போல அக்கம்பக்கமாக வாழ்கிறவர்கள் வருடம் ஒரு முறை பார்க்க வேண்டிய படம். கே.பாலசந்தர் படம். ஒரு கூட்டுக்குடும்பம். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடி வருகிறாள். அவளுக்கு முன்னால் குறைந்துபோய்விடக் கூடாது என்று வீட்டில் கடனும் தவணையுமாகச் சாமான்கள் வந்து இறங்குகின்றன. இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா எதிராஜ், பாலையா. வரவுக்கும் செலவுக்கும் கணக்குச் சொல்லும் அந்தப் பிரபலமான பாட்டு இந்தப் படத்தில்தான். அது சமயம் நாம் இ.எம்.ஐ. என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடன் தவணை கட்ட முடியாமல் கவுன்டருக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற எத்தனையோ குடும்பத்துப் பெரியவர்களைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த எதிராஜ் நடிப்பில் மிகை கிடையாது. அதட்டலும் உண்டு, மகன்கள் மானம் போகக் கூடாதே என்ற பதைப்பும் உண்டு.

கடைசியாக 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர். சிக்கல் சண்முகசுந்தரம் சிவாஜி. படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் நம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தவில் வித்வான் முத்துராக்கு பாலையா. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் தவில். கல்யாண வீட்டில் எல்லோரும் நாதஸ்வரக்காரர் பெயரைத்தான் கேட்பார்கள். ஆனால் தவில் சரியில்லை என்றால் கச்சேரி எழும்பாது என்பது அந்த நாதஸ்வரக்காரருக்குத் தெரியும். கோபக்கார வித்வானைச் சமாளித்து, செட்டைக் கலையாமல் காப்பாற்றி, நடுவில் நம்மைச் சிரிக்கவும் வைக்கிற முத்துராக்கு வேடம் பாலையாவின் வாழ்க்கைக்கே பொருந்துகிற வேடம். முப்பத்தாறு வருடம் அவர் தமிழ் சினிமாவுக்குத் தவில் வாசித்தார்.

1972 ஜூலை 22-ல் பாலையா காலமானார். 58 வயது நிறையவில்லை. இன்றைய கணக்கில் ரிட்டையர் ஆகும் வயதுகூட இல்லை. அவர் மகன் ஜூனியர் பாலையாவை 'கரகாட்டக்காரன்' முதல் 'சாட்டை' வரை நாம் பார்த்தோம். அவரும் குணச்சித்திர நடிகராகவே இருந்து, 2023-ல் மறைந்தார்.

நம் தேசிய திரைப்பட விருதுகளில் துணைப் பாத்திர நடிப்புக்கு என்று ஒரு விருது 1984-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் கொடுக்கப்பட்டது. அமெரிக்கக்காரர்கள் பலகையாவது கொடுத்து 48 வருடம் கழித்து. பாலையா போய் 12 வருடம் கழித்து. எஸ்.வி.ரங்காராவ் 1974-ல் போய்விட்டார். அவர்கள் காலத்தில் அந்த வேலைக்கு அப்படி ஒரு தனித் தலைப்பே தேசிய விருதுப் பட்டியலில் இல்லை.

நான் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் இடத்தில் இருந்தவர் வாழ்க்கை வீணா? பாலையா கூட நடித்த நாயகர்களின் பல படங்களை இன்று யாரும் பார்ப்பதில்லை. பாலையா உட்கார்ந்து கேட்கிற அந்தச் சில நிமிடங்களை அறுபது வருடம் கழித்தும் பத்து வயதுப் பிள்ளை பார்த்துச் சிரிக்கிறது. எதிரே இருப்பவரை முழுமனதோடு கவனிப்பது என்ற ஒரே வித்தையை அவர் கடைசிவரை விடவில்லை. வீட்டிலும், இந்தக் குடியிருப்பிலும் நமக்கு இப்போது வாய்த்திருப்பது அந்த வேடம்தான். பேசுகிற முறை மகன்களுக்கும் மருமகள்களுக்கும் போய்விட்டது. கேட்கிற முறை நம்முடையது. அது சின்ன வேடம் என்று நினைப்பவர்கள் 'திருவிளையாடல்' ராத்திரிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு கிளப் ஹவுஸில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். அதில் ஒரு மாதம் 'காதலிக்க நேரமில்லை' போடுவோம். தொடங்குவதற்கு முன் டைட்டில் கார்டை ஓட்டிவிடாமல் நிறுத்தி, எல்லாப் பெயர்களையும் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வோம். அடுத்த தடவை அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் வரும்போது, "அவரா, அப்பாவா வருவாரே" என்று எந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாது. பாலையா என்று சொல்ல வேண்டும்.